சலவைக்குப் போட்ட தலையணை

கட்டில் கூரையிலிருந்து இறங்கும் என்று சூ யின் கனவிலும் நினைத்ததில்லை. கப்பலின் அறைப் பணியாள் ரொமெல் ஒரு சாவியைக் கூரை ஓரத்தில் எங்கோ நுழைத்துத் திருகினான். பலகையொன்று மெத்தையும் போர்வையுமாகத் தலைக்கு மேலே விரிந்து நின்றது. எதிர்ப்பக்கமும் அப்படியே இன்னொன்று. கீழே இரண்டு ஒடுங்கிய கட்டில்கள், நடுவில் கையை நீட்டினால் தொட்டுவிடுகிற இடைவெளி. நாலு பேர் மூன்று ராத்திரியை இதற்குள்தான் ஓட்ட வேண்டும். ஜன்னல் கிடையாது. ஜன்னல் வைத்த அறையின் விலையைக் கேட்டதுமே அவள் புருஷன் போ செங், "ராத்திரில கடல்ல என்னத்தத் தெரியப் போகுது?" என்று பேச்சை முடித்துவிட்டிருந்தான்.

ரொமெல் நல்ல பிள்ளை, சிரித்த முகம். அந்தச் சிரித்த முகத்தோடு அவன் வேலைக்காரி வினார்சியைப் பார்த்துச் சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் பிள்ளையார் சுழி.

"சின்னப் பிள்ளைங்க மேல ஏறக் கூடாதுங்க மேடம், அது கப்பல் சட்டம். அதனால நீங்க பாப்பாவோட கீழ படுத்துக்குங்க. சாரும் இவங்களும் மேல ஏறிக்கட்டும்."

இவங்க என்று அவன் கையைக் காட்டியது சூ யின்னை.

"அம்மா நான்தான்" என்றாள் சூ யின்.

ரொமெலின் முகத்தில் ஈயாடவில்லை. "மன்னிச்சுக்குங்க மேடம். பாப்பா அவங்க இடுப்புல இருந்துச்சா, அதான்..."

இருந்தது. நாலு வயசுக் கழுதை, துறைமுகத்தில் வரிசை, கடவுச்சீட்டு, மின்தூக்கி என்று எல்லா இடத்திலும் அந்த இடுப்பைவிட்டு இறங்கவே இல்லை. இப்போதும் ஷின்ரூ வினார்சியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கூரையிலிருந்து வந்த கட்டிலை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வினார்சி தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை அடக்கத்தான் குனிந்தாள் என்று சூ யின்னுக்குத் தெரியும்.

போ செங் அடக்கக்கூட இல்லை, வாய்விட்டே சிரித்தான். "விடு சூ. அவனுக்கு எப்படித் தெரியும்?"

அதுதானே விஷயம்! அவனுக்குத் தெரியவில்லை. கிளினிக்கில் சீட்டுக் கொடுக்கிற பெண்ணுக்கும் தெரிந்ததில்லை. ஒருநாள் சூ யின் அரை நாள் விடுப்பு எடுத்து, தானே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தாள். "அவங்க வரலையா?" என்று கேட்டாள் அந்தப் பெண், ஏதோ உரிமைக்காரி வராததுபோல. பெற்றவள் நான், பிரசவ வலியில் கத்தினவள் நான், அம்மா என்று காட்டத்தான் எனக்கு அடையாள அட்டை இல்லை என்று அன்றைக்கே அவளுக்கு வயிறு பற்றிக்கொண்டது.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? வினார்சி ஜாவாவிலிருந்து வந்தபோது ஷின்ரூவுக்கு நடக்கத் தெரியாது. சூ யின் காப்பீட்டுக் கம்பெனிக்காரி. குழந்தை எழும் முன் கிளம்பி, தூங்கின பிறகு வருகிறவள். அவர்கள் வீடும் சிங்கப்பூரில் எல்லாருடைய வீட்டையும்போல அடுக்குமாடியில் சின்ன வீடு. வேலைக்கு வருகிறவளுக்குத் தனி அறை ஏது? குழந்தையின் அறையில் தரையில் மெத்தை போட்டுப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். தரையில் படுத்தவள் எப்போது கட்டிலில் ஏறினாள், அல்லது கட்டிலில் படுத்தது எப்போது தரைக்கு இறங்கியது, யாருக்குத் தெரியும்? கதவைச் சாத்திவிட்டால் உள்ளே நடப்பது உள்ளே. சூ யின்னும் வீட்டுக்கு வந்து, மூடிய கதவைப் பார்த்து, சூடாறிய சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவாள்.

ஆனால் வினார்சி அடுத்த மாதம் ஊருக்குப் போகிறாள். ஒரேயடியாக. அவளுக்கும் அங்கே ஒரு பையன் இருக்கிறான். இனிமேலும் தாங்காது என்று சொல்லிவிட்டாள். கேட்டதும் சூ யின்னுக்கு முதலில் வந்தது சந்தோஷம். வெட்கமில்லாமல் சொன்னால், கும்மாளம். அதற்கப்புறம்தான் பயம் வந்தது. நினைவு தெரிந்து ஒரு ராத்திரிகூடத் தன் பக்கத்தில் படுத்துத் தூங்கியறியாத பிள்ளை, அவள் போன அன்று என்ன செய்யும்? கத்தியே செத்துவிடாதா? "கப்பல்ல போவோம்" என்று போ செங்தான் சொன்னான். "வினாவும் கூட வரட்டும், கண்ணுக்கு முன்னால இருக்கட்டும். ஆனா பிள்ள உன்கூடப் படுக்கட்டும். மூணு ராத்திரியில பழகிடும்." சூ யின்னுக்கு அது பிடித்துப்போயிற்று. இந்த மூன்று ராத்திரிக்குள் தன் பிள்ளை தன் பக்கத்தில் தூங்கிவிட வேண்டும். கடல், நீச்சல்குளம், பினாங்கு எல்லாம் அப்புறம்.

இன்னொரு எதிரியும் இருந்தது. அது ஒரு தலையணை. முழங்கை நீளத்துக்கு ஒரு குட்டித் தலையணை. வினார்சியின் கிழிந்த பூப்போட்ட கைலியில், பாத்திக் சாரோங்கில், இலவம்பஞ்சு அடைத்துத் தைத்தது. தைத்த நாளிலிருந்து தண்ணீர் கண்டதில்லை. தண்ணீர் காட்டக் கூடாது, அதுதான் அதன் மகிமை. அந்த ஊரில் வீட்டுக்கு வீடு பிள்ளைகளிடம் இப்படி ஒன்று இருக்கும். பெரியவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விட்டுவிடுவார்கள். எச்சிலும் பாலும் வியர்வையும் தேங்காயெண்ணெயும் ஊறி, மைல் தூரத்துக்கு வீசும். ஷின்ரூ அதற்கு வைத்திருந்த பெயரே 'நாத்தம்'. அதை மூக்கில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தால்தான் அவளுக்குக் கண் சொருகும்.

முதல் ராத்திரி சூ யின் எல்லாம் யோசித்து வைத்திருந்தாள். குளிப்பாட்டினாள், பவுடர் போட்டாள், தானே பால் கலக்கிக் கொடுத்தாள். மேல்கட்டில் ஒன்றில் போ செங். ஏறும்போதே கூரையில் நங்கென்று இடித்துக்கொண்டு, "ஐயோ, இது கட்டிலா சவப்பெட்டியா?" என்றான். இன்னொன்றில் வினார்சி. "நீ வாயே திறக்கக் கூடாது. அவ கூப்பிட்டாலும் தூங்குற மாதிரி கிட" என்று சூ யின் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள்.

"நான் பொணம் மாதிரி கிடப்பேன் மேடம்" என்றாள் வினார்சி. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

விளக்கை அணைத்தாயிற்று. ஜன்னலில்லாத அறை, குளியலறைக் கதவின் இடுக்கில் மட்டும் ஒரு கோடு வெளிச்சம். ஷின்ரூ நாத்தத்தை முகத்தில் அமுக்கிக்கொண்டு அம்மா பக்கத்தில் படுத்திருந்தாள். சூ யின் மூச்சுவிடக்கூடப் பயந்தாள்.

"அம்மா."

"என்னடி கண்ணு?"

"அக்கா எங்க?"

"மேல தூங்குறா. நீயும் தூங்கு."

குழந்தை புரண்டு புரண்டு படுத்தது. பிறகு, "அம்மா, நீ தள்ளிப் படு. நீ சோப்பு வாடை அடிக்கிற."

சூ யின் தள்ளிப் படுத்தாள். ஒடுங்கிய கட்டிலில் எங்கே தள்ள? முதுகு சுவரில் போய் இடித்தது. அடுத்த நிமிஷம் குழந்தை இறங்கிவிட்டது. இருட்டில் ஏணி கிறீச்சிட்டது. நாத்தத்தைப் பல்லில் கவ்விக்கொண்டு, ஷின்ரூ மேல்கட்டிலுக்கு ஏறிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ விழுந்துடுவா!" என்று சூ யின் எழுவதற்குள் வினார்சி குதித்து இறங்கி அவளைப் பிடித்துவிட்டாள். பிணத்துக்கு என்ன வேகம்! "மேல போகக் கூடாது குட்டி, கப்பல் மாமா திட்டுவாரு" என்றபடி, காலியாகக் கிடந்த எதிர்க்கட்டிலில் குழந்தையோடு சரிந்தாள். சூ யின்னைப் பார்த்து, "என்ன பண்ணட்டும் மேடம்? மேல விடவா?" என்றாள்.

"சரி, இன்னிக்கு மட்டும்" என்றாள் சூ யின்.

அன்றைக்குத்தான் அவள் பார்த்தாள். வீட்டில் கதவுக்குப் பின்னால் இத்தனை வருஷமாக நடந்தது ஒரு கை தூரத்தில் நடந்தது. குழந்தை நாத்தத்தில் மூக்கைப் புதைத்தது. ஒரு காலைத் தூக்கி வினார்சியின் வயிற்றுமேல் போட்டது. வினார்சி அந்தப் பாதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, பாட்டும் இல்லாத முனகலும் இல்லாத ஏதோ ஒன்றைத் தொண்டைக்குள் உருட்டினாள். சொல்லிவைத்த மாதிரி ஷின்ரூவின் கை தளர்ந்தது. பால்குடிக் குழந்தைபோல வாய் திறந்துகொண்டது. அவ்வளவுதான், தூங்கிவிட்டது.

மேலே போ செங் குறட்டைவிட ஆரம்பித்தான். சூ யின் கண்ணைக் கொட்டாமல் படுத்திருந்தாள். பொறாமை என்றால் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரிக்குப் பதவி கொடுத்தபோது வந்ததைத்தான் அவள் பொறாமை என்று நினைத்திருந்தாள். அது சுண்டைக்காய். இது நெஞ்சில் அமிலத்தைக் கொட்டினதுபோல இருந்தது. என் பிள்ளையின் கால் அது. என் வயிற்றில் உதைத்த கால். அதை எவளோ பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள், சம்பளமும் வாங்கிக்கொண்டு.

காலையில் கஞ்சிக் கடைப் பக்கம் இடம் பிடித்து உட்கார்ந்தார்கள். அவர்கள் குடும்பத்தில் சாப்பிடுவதற்கு முன் பிள்ளைகள் பெரியவர்களை முறையாகக் கூப்பிட வேண்டும். மூத்தவரில் தொடங்கி ஒவ்வொருவரையும் சாப்பிடச் சொல்லிவிட்டுத்தான் கரண்டியைத் தொட வேண்டும். ஷின்ரூ நாற்காலியில் முட்டிபோட்டு நிமிர்ந்தாள்.

"அப்பா சாப்பிடுங்க. அக்கா சாப்பிடுங்க. அம்மா சாப்பிடுங்க."

சூ யின்னின் கரண்டி கஞ்சிக்குள் விழுந்தது. பக்கத்து மேசையிலிருந்த அம்மாள் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள்.

"குட்டி, முறை தப்பு. அம்மாதான் முன்னாடி. என்னை எல்லாம் கூப்பிடவே வேணாம்" என்றாள் வினார்சி அவசரமாக.

"நீ ஒண்ணும் எடுத்துக் குடுக்க வேணாம்" என்றாள் சூ யின்.

வினார்சி எழுந்து, குழந்தைக்கு மைலோ பானம் ஆற்றப் போய்விட்டாள். போ செங் நெற்றியில் புடைத்திருந்த வீக்கத்தைத் தடவிக்கொண்டே சொன்னான்: "என்ன சூ, வேலைக்காரிகிட்டயும் தலகாணிகிட்டயும் போட்டியா? உனக்கு வேற ஆள் கிடைக்கலையா?"

"உனக்கென்ன, நீ குறட்ட விட்டுட்டு தூங்கிட்டே. நான்ல பாத்துக்கிட்டு கிடந்தேன்!"

"அவ போகப் போறவ. இன்னும் ஒரு மாசம். பல்லக் கடிச்சுக்கிட்டு இரு."

"அவ போயிடுவா. அந்தக் கழிசடைத் தலகாணி போகுமா? அத மோந்துட்டுதானே அவ மேலயே பாயுது? அதுல அவதானே இருக்கா?"

சொன்னதும்தான் அவளுக்கே பொறி தட்டியது. அட, ஆமாம்! மருந்தை வெளியே தேடுவது எதற்கு? நோய் அந்தத் தலையணையில்தான் இருக்கிறது. அதைச் சுத்தம் பண்ணிவிட்டால் அப்புறம் அது வெறும் துணி. வெறும் துணியைக் கட்டிக்கொண்டு யார் பக்கத்திலும் தூங்கலாம்.

அவர்கள் குளத்துக்குப் போன நேரம் பார்த்து அவள் அறைக்கு வந்தாள். அலமாரியில் சலவைக்குப் போடுகிற காகிதப் பை இருந்தது. நாத்தத்தை இரண்டு விரலால் தூக்கி அதற்குள் போட்டாள். தாழ்வாரத்தில் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த ரொமெலைக் கூப்பிட்டாள்.

"சாயங்காலத்துக்குள்ள வேணும். நல்லாக் கொதிக்கிற தண்ணில."

ரொமெல் பையைப் பிரித்துப் பார்த்தான். மூக்கைச் சுளிக்கவில்லை. தயங்கினான். "மேடம், இது பாப்பாவோடதா? எம் பொண்ணுகிட்டயும் இப்படி ஒண்ணு உண்டு. எம் பொஞ்சாதி ஒருவாட்டி தெரியாம ஊற வச்சுட்டா. ரெண்டு நாள் ஃபோன்ல அழுகைதான்."

"இது என் பொண்ணு. எனக்குத் தெரியும்."

"சரிங்க மேடம்" என்று அவன் கொண்டுபோனான். நேற்று யார் அம்மா என்று தெரியாமல் பேசி வாங்கிக் கட்டிக்கொண்டவன், இன்று எதிர்த்தா பேசுவான்?

பகலெல்லாம் சூ யின்னுக்குக் கால் தரையில் பாவவில்லை. குளத்தில் குழந்தையோடு முங்கினாள். மிதவை வாங்கிக் கொடுத்தாள். சறுக்கில் அவளை மடியில் வைத்துச் சறுக்கினாள். ஷின்ரூவும் "அம்மா இன்னொருவாட்டி! அம்மா இன்னொருவாட்டி!" என்று குதித்தாள். வினார்சி நிழலில் துண்டுகளுக்குக் காவலாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பாரு, நல்லாப் பாரு என்று சூ யின்னுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. பகலில் யாரோடு வேண்டுமானாலும் விளையாடுகிற பிள்ளைதான் அது, இருட்டினால்தான் ஆளைத் தேடும். அதை அவள் அன்றைக்கு மறந்துபோனாள்.

இரவுச் சாப்பாடு முடிந்து வந்தபோது தலையணை கட்டில்மேல் காத்திருந்தது. கண்ணாடிக் காகிதத்தில் சுற்றி, நாடா கட்டி, கல்யாணச் சீர்போல. பாத்திக்கின் பழுப்புப் பூக்களெல்லாம் வெளிறிப்போயிருந்தன. பஞ்சு உள்ளே கட்டி கட்டியாகத் திரண்டிருந்தது.

வினார்சிதான் முதலில் பார்த்தாள். "அடப்பாவி!" என்றாள், யாரை என்று சொல்லாமல்.

ஷின்ரூ காகிதத்தைக் கிழித்து அதை மூக்கில் வைத்தாள். முகம் சுருங்கியது. திருப்பி வைத்தாள். மூலையை மோந்தாள். தையலை மோந்தாள். "இது நாத்தம் இல்ல" என்றாள்.

"அதேதான்டி செல்லம். குளிச்சிட்டு வந்திருக்கு. எவ்வளவு வாசமா இருக்கு பாரு!"

"இது இல்ல! என் நாத்தம் எங்க? என் நாத்தத்த என்ன பண்ண?"

பிறகு கிளம்பியது பாருங்கள் ஒரு அலறல். போ செங் காதைப் பொத்திக்கொண்டான். பக்கத்து அறைக்காரர்கள் சுவரைத் தட்டினார்கள். சூ யின் தூக்கப்போனாள், வயிற்றில் ஒரு உதை விழுந்தது. வினார்சி கை நீட்டினாள். "வேணாம், நீ தொடாதே!" என்று சூ யின் கத்த, குழந்தை இன்னும் உச்சத்துக்குப் போனது. தலையணை பறந்து போய்த் தண்ணீர்க் குவளையைத் தட்டிவிட்டது.

"ரெண்டு பேரும் வெளிய போங்க" என்றான் போ செங். சத்தம் போட்டறியாத மனுஷன், அன்றைக்குப் போட்டான். "ரெண்டு பேரும்! நான் பாத்துக்குறேன்."

தாழ்வாரம் கண்ணுக்கெட்டிய மட்டும் நீண்டு கிடந்தது. இரண்டு பெண்களும் எதிரெதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றார்கள். உள்ளேயிருந்து அலறல் கதவைப் பிளந்துகொண்டு வந்தது.

"எதுக்கு மேடம் அதத் தோய்க்கப் போட்டீங்க?"

"அழுக்கா இருந்துச்சு, போட்டேன். எம் பிள்ள, எம் பிள்ளையோட தலகாணி."

"அழுக்கு ஒண்ணும் இல்ல. பொறாம. நேத்து ராத்திரி நீங்க தூங்கல, எனக்குத் தெரியும். என் முதுகு பூரா உங்க கண்ணுதான் குத்திக்கிட்டு இருந்துச்சு."

"வாய அடக்கிப் பேசு வினா."

"அடுத்த மாசம் போறவளுக்கு என்ன மேடம் அடக்கம்? நான் போனப்புறம் அவளுக்கு இருக்கறது அது ஒண்ணுதானே? நான் இருக்க மாட்டேன், அது இருக்கும். அதப் பிடிச்சுக்கிட்டு உங்க பக்கத்துல படுத்திருப்பா. அதயும் கொதிக்க வச்சுட்டீங்க. இனிமே வெறுங்கையோடல்ல வச்சுக்கிட்டு அல்லாடணும் நீங்க!"

இது சூ யின்னுக்குத் தோன்றவே இல்லை. எதிரியை ஒழித்தோம் என்று நினைத்தவள், தன் கையிலிருந்த ஒரே கயிற்றை அறுத்திருக்கிறாள். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

"ரொம்ப அக்கற உனக்கு! உன் வாசனய எம் பிள்ள காலம் பூரா மோந்துக்கிட்டே கிடக்கணும், அதானே உன் ஆசை?"

ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு ஒரு கிழத் தம்பதி கடந்து போனார்கள். அவர்களுக்குத் தலையை ஆட்டி வழி விட்டுவிட்டு, வினார்சி தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஆமா மேடம். அதான் ஆசை."

"என்ன?"

"ஊருக்குப் போறதுன்னு முடிவானதும், பிள்ள ஏங்கிடுமேன்னு, உங்க பழைய நைட்டி ஒண்ண எடுத்து நாத்தத்துக்கு உறையாப் போட்டேன். தோய்க்காத நைட்டி. உங்க வாசன ஏறட்டும், பழகட்டும்னு. மொத நாள் முறுக்கிக்கிட்டா. மறுநாளும் சிணுங்கினா. அப்புறம் பழகிட்டா மேடம். அப்படியே பழகிட்டா! உங்க நைட்டியில மூக்க வச்சுக்கிட்டு தூங்குறா. நான் பக்கத்துல இருக்கேன், என் பக்கம் திரும்பல. கால்கூடப் போடல."

சூ யின் சுவரைவிட்டு நிமிர்ந்தாள். "அப்புறம்?"

"கழட்டிட்டேன்."

"ஏன்?"

"ஏனா? எனக்கும் வயிறு இருக்கு, அதான். நீங்க மட்டும்தான் எரியணுமா? எம் பையன் எங்கக்காவத்தான் அம்மான்னு கூப்பிடுறான். ஃபோன்ல நான் பேசினா, 'சிங்கப்பூர் அம்மா, சைக்கிள் வாங்கியாச்சா'ன்னு கேக்குறான். எனக்குன்னு கால் போட்டுப் படுத்தது இவ ஒருத்திதான். நான் போனா ஒரு வாரமாச்சும் எனக்காக அழட்டுமேன்னு நெனச்சேன். ஒரே வாரம். அது தப்புன்னா தப்புதான். சம்பளத்துல பிடிச்சுக்குங்க."

சூ யின்னுக்கு அவளை ஓங்கி ஒன்று அறையலாம்போல இருந்தது. கையும் எழுந்தது. ஆனால் கோபத்துக்கு நடுவிலேயே இன்னொரு எண்ணம் வந்து குறுக்கே நின்றது. என் நைட்டியில் மூக்கை வைத்துக்கொண்டு என் பிள்ளை தூங்கியிருக்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம், சில ராத்திரி, நான் சூடாறிய சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது.

"நெஜமாவே பழகிட்டாளா?" என்று கேட்டாள்.

"பழகிட்டான்னுதானே சொல்றேன்! அந்த எரிச்சல்லதானே கழட்டினேன்!"

உள்ளே அலறல் ஓய்ந்து, விக்கலும் தேம்பலுமாக மாறியிருந்தது. போ செங் ஏதோ கழுதைக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். அதற்குத் தேம்பல்தான் கூடியது. "அக்கா... அக்கா..." என்று அது ஒன்றையே சொல்லிச் சொல்லித் தேம்பியது குழந்தை.

வினார்சியின் கை கதவின் பிடிக்குப் போனது. சூ யின் அந்தக் கையைப் பிடித்தாள். பிடித்தது தடுக்கத்தான். ஆனால் வாயில் வந்தது வேறு.

"நீ ராத்திரி கட்டிக்கிட்டுப் படுத்த சாரோங் எங்க?"

"பையில இருக்கு. ஏன்?"

"தோய்ச்சியா?"

"கப்பல்ல எங்க தோய்க்க?"

"அத எனக்குக் குடு."

வினார்சி அவள் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் அதிகாரம் எதுவும் இல்லை. கேட்கிற முகம்தான். கடையில் கடன் கேட்கிறவள்கூட அதைவிட நிமிர்ந்து நிற்பாள். வினார்சி உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு உள்ளே போய், குழந்தை பார்ப்பதற்குள் பையிலிருந்து சாரோங்கை உருவிக்கொண்டு வந்தாள். கொடுக்கும்போது விடவில்லை. ஒரு முனை அவள் கையிலும் ஒரு முனை இவள் கையிலுமாகக் கொஞ்ச நேரம் நின்றது.

"தோய்ச்சுடாதீங்க" என்றாள்.

"மாட்டேன்."

"உங்க சட்டைக்கு மேலயே சுத்திக்குங்க. நாள் போகப் போக ரெண்டு வாசனயும் கலந்துடும். நான் மேல்தளத்துல போய் நிக்கிறேன். நான் கண்ணுல பட்டா உங்ககிட்ட வர மாட்டா." நாலடி போனவள் திரும்பினாள். "கால் போட்டா பாதத்தப் பிடிச்சுக்கணும். சும்மா விட்டா முழிச்சுக்குவா."

"தெரியும், பாத்தேன்" என்றாள் சூ யின்.

வினார்சி போய்விட்டாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் தாழ்வாரத்தின் முனைவரை கேட்டது.

சூ யின் சாரோங்கை மார்புவரை ஏற்றிச் சுற்றிக்கொண்டாள். தேங்காயெண்ணெயும் வெங்காயமும் வியர்வையுமாக ஒரு நெடி மூக்கில் ஏறியது. அந்த நெடி அவளுக்குப் பிடிக்கவில்லை. பொய் சொல்ல என்ன இருக்கிறது, குமட்டியது. கதவைத் திறந்து விளக்கை அணைத்தாள். போ செங் ஏதோ கேட்க வாயெடுத்தான். "மேல ஏறு, பேசாத" என்றாள். அவன் ஏறினான், வழக்கம்போல இடித்துக்கொண்டான், அதிசயமாகக் கத்தவில்லை.

இருட்டு. எதிர்க்கட்டிலில் தேம்பல். சூ யின் தன் கட்டிலில் படுத்து, சுவரோடு ஒட்டிக்கொண்டு, முன்னால் இடம் விட்டாள். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் குரல் காட்டிக் கொடுத்துவிடும்.

தேம்பல் நின்று நின்று வந்தது. பிறகு மூக்கை இழுக்கிற சத்தம் வந்தது. அழுகிற மூக்கு இல்லை, மோப்பம் பிடிக்கிற மூக்கு. குட்டிக் கால்கள் தரையில் இறங்கின. மெத்தை அமுங்கியது. ஒரு சூடான ஈர முகம் சாரோங்கின் மடிப்புக்குள் புகுந்து, இங்கே ஒரு இழுப்பு, அங்கே ஒரு இழுப்பு, பிறகு ஆழமாக ஒரு பெருமூச்சு. ஒரு கால் எழும்பி வயிற்றின்மேல் விழுந்தது.

சூ யின் அந்தப் பாதத்தைப் பிடித்தாள். உள்ளங்கைக்குள் முழுதாக அடங்கியது. ஜில்லென்றிருந்தது. தனக்குத் தெரிந்த பாட்டு எதையும் பாடவில்லை. நேற்று கேட்டதைப்போல, தொண்டைக்குள் எதையோ உருட்டினாள். சுருதி சேரவில்லை. ஆனாலும் குழந்தையின் கை தளர்ந்துகொண்டே வந்தது.

இரண்டு ராத்திரியாக, ஏன், நாலு வருஷமாக அவள் கேட்டது இதுதானே. கிடைத்துவிட்டது. என் மார்பில், என் பிள்ளை. பாதம் என் கையில். போதுமடி, இது போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"அக்கா..." என்றாள் ஷின்ரூ, பாதித் தூக்கத்தில், அவள் நெஞ்சுக்குள்.

சூ யின்னின் தொண்டைச் சத்தம் நின்றது. நின்றதும் பாதம் கையில் அசைந்தது. கண் திறக்கப் போகிறது.

"அக்கா?"

"ம்..." என்றாள் சூ யின், குரலை ஒடுக்கிக்கொண்டு. "அக்காதான் இருக்கேன். நீ தூங்கு."